முதல் மழைக்கு முந்திய தேதி

என் வேலையைப் பற்றி ஊரில் யார் கேட்டாலும் ஒரே வரியில் முடித்துவிடுவேன்: கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறேன். கிளவுட் என்று வாயைத் திறந்தால் தொலைந்தேன். வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, அப்படியானால் நம்ம பக்கம் இரண்டை அனுப்பு என்பார்கள். மளிகைக்கடை பாய் முதல் என் மாமனார் வரை அத்தனை பேரும் அந்தக் கேலியைத் தாங்களே கண்டுபிடித்ததுபோல் சொல்லி முடித்தாயிற்று. இனி அதற்குச் சிரிக்க என்னால் முடியாது.

கிளவுட் என்றால் எங்கோ தொலைவில், குளிரூட்டிய கட்டடத்தில் அடுக்கி வைத்திருக்கும் யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டர்கள். நாம் வாடகைக்கு இடம் பிடித்து நம் தகவலை அங்கே வைக்கிறோம். இப்போது கோவில்பட்டிப் பக்கத்து ஆட்களின் ரேஷனும் பட்டாவும் ஆஸ்பத்திரிச் சீட்டும் எல்லாம் அப்படி எங்கேயோதான் இருக்கின்றன. உள்ளே போகிற தகவல் சரியா தப்பா என்று பார்க்கிற விதிகளை எழுதுவது என் வேலை. பதினாலு வருஷமாக எழுதுகிறேன். எழுதிய விதிகளில் பாதி இப்போது எனக்கே ஞாபகமில்லை. ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்பு நான் பெங்களூரில் இருந்தேன். மானாவாரி விவசாயிகள் தங்கள் பயிரைப் போனிலேயே பதிவதற்கு ஒரு ஆப் செய்துகொண்டிருந்தோம். என்ன பயிர், எத்தனை ஏக்கர், என்றைக்கு விதைத்தது என்று பதிந்துவைத்தால், பயிர் போனால் நிவாரணம் கிடைக்கும். பல மாநிலங்களுக்கான ஆப் அது. தமிழ் தெரிந்தவன் அந்தக் குழுவில் நான் ஒருவன்தான். அதனால் திரையில் வருகிற நாற்பது வாக்கியங்களையும் தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அரைமணி நேரத்தில் எழுதிக் கொடுத்தேன். பதிவு ஏற்கப்பட்டால், ‘உண்மையான தகவல் அளித்தமைக்கு நன்றி.’ மறுக்கப்பட்டால், ‘பொய்த் தகவல் அளித்தவர்.’ முதல் வாக்கியத்தில் அந்த ‘அளித்தமைக்கு’ எனக்கே பிடித்திருந்தது. இரண்டாவதை நான் திரும்பப் படிக்கவே இல்லை.

பிறகு மனைவிக்குக் கோவில்பட்டியில் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. என் கம்பெனியும் வீட்டிலிருந்து வேலை செய்யச் சம்மதித்தது. மாடியில் ஒரு அறை, ஒரு மேஜை, கரண்டு போனால் ஓட ஒரு பேட்டரி என்று இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆப் வேறொரு கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. எனக்கும் அதற்கும் தொடர்பு விட்டுப்போயிற்று.

என் அம்மாவின் தங்கை நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார். சித்தப்பா இறந்த பிறகு நாலு ஏக்கர் கரிசல் காட்டைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறார். உளுந்தும் மக்காச்சோளமும் போடுவார். சித்தியின் வாய்ச்சொல்லுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. யாருடைய வெள்ளாமையிலாவது ஆடு விழுந்து மேய்ந்துவிட்டால், ஆட்டுக்காரரும் காட்டுக்காரரும் சித்தியிடம்தான் வருவார்கள். எத்தனை ஆடு, எவ்வளவு மேய்ந்தது என்று சித்தி பார்த்துச் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. தன் சொந்தத் தம்பிக்கு எதிராகவே ஒருமுறை சொல்லியிருக்கிறார். அந்தத் தம்பி, அதாவது என் மாமா, இரண்டு பொங்கலுக்குப் பேசாமல் இருந்தார்.

போன வருஷம் அந்த ஆப் எங்கள் மாவட்டத்துக்கு வந்தது. சித்தியின் போனில் அதன் பச்சை நிறத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இது நான் செய்தது சித்தி என்று பெருமையடித்துக்கொண்டேன். மற்றவர்கள் எல்லாரும் பதிவு மையத்தில் போய் வரிசையில் நின்றார்கள். சித்திக்கு மட்டும் நானே உட்கார்ந்து கற்றுக்கொடுத்தேன். எதை அமுக்க வேண்டும், எங்கே தேதி போட வேண்டும், எப்படிப் படம் எடுக்க வேண்டும் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை. உள்ளது உள்ளபடி போட வேண்டும், தப்பாகப் போட்டால் அது கண்டுபிடித்துவிடும் என்று வேறு சொல்லிவைத்தேன். நான் எப்போது தப்பாகப் போட்டிருக்கிறேன் என்றார் சித்தி. அதுவும் சரிதான்.

சித்தி விதைத்தது புரட்டாசி முதல் வாரத்தில். அன்றைக்கு வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. கரிசலை அறியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே மழை பெய்தபின் விதைக்க முடியாது. கால் வைத்தால் மண் செருப்போடு அப்பிக்கொண்டு வரும். டிராக்டர் இறங்கினால் புதைந்து நிற்கும். நிலம் காய்ந்து ஆளை உள்ளே விடுவதற்குள் பருவம் பாதி போய்விடும். அதனால் மழைக்கு முந்தியே, வெறும் புழுதியில் விதையைப் போட்டுவிடுவார்கள். விதை உள்ளே கிடக்கும். இரண்டு வாரமோ மூன்று வாரமோ கழித்து நல்ல மழை விழுந்ததும் முளைக்கும். மழை தப்பிவிட்டால் எறும்புக்கும் புறாவுக்கும் போகும். இதை இங்கே யாரும் துணிச்சல் என்று நினைப்பதில்லை. விதைப்பு என்றாலே இதுதான்.

சித்தி விதைத்த அன்றே அந்தத் தேதியைப் போட்டார். புழுதிக் காட்டைப் படமும் எடுத்துப் போட்டார். பதிவு பரிசீலனையில் இருக்கிறது என்று திரையில் வந்தது; அதற்குப் பிறகு சித்தி அதைத் திறந்து பார்க்கவில்லை.

ஐப்பசியில் மழை நன்றாகத்தான் பெய்தது. பூப்பூக்கிற நேரத்தில் நின்றுவிட்டது. சுற்று வட்டாரம் முழுக்கக் காய்ந்தது. மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் ஒரு மீட்டிங்கில் இருந்தபோது சித்தியிடமிருந்து நாலு தடவை போன் வந்தது. நாலு தடவை கூப்பிடுகிறவர் இல்லை அவர். எடுத்தேன்.

"ஏலே, பதிவு மையத்துக் கதவுல ஏம் பேர ஒட்டியிருக்காவ. பொய்த் தகவல் அளித்தவர்னு போட்டிருக்கு. நான் என்னலே பொய் சொன்னேன்?"

அந்த வாக்கியம் எனக்கு உடனே பிடிபட்டது. எங்கோ படித்ததுபோல இருக்கிறதே என்று யோசிக்கக்கூட இடமில்லை. என் வாக்கியம். மதியச் சாப்பாட்டுக்கு முந்திய வாக்கியம். பார்த்துச் சொல்கிறேன் சித்தி, ஏதோ சிஸ்டம் கோளாறாக இருக்கும் என்றேன். நீ செய்ததாகச் சொன்னாயே என்று கேட்டார். நூறு பேர் சேர்ந்து செய்தது சித்தி என்றேன். பெருமையடிக்கும்போது நான் ஒருவன், மாட்டிக்கொண்டால் நூறு பேர்.

மறுநாள் பைக்கை எடுத்துக்கொண்டு பதிவு மையத்துக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டரில் இருந்தது ஒரு பெண். நல்ல பெண். சித்தியின் பதிவை எடுத்துக் காட்டி, விதைப்புத் தேதியில் விரலை வைத்தார். மறுத்ததற்கான காரணம் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்தது: பருவத்தின் முதல் மழைக்கு முந்திய தேதி.

"மத்தவியளுக்கெல்லாம் நாந்தான் போட்டேன் அண்ணாச்சி. மழை பெஞ்ச மறுநாள் தேதியத்தான் எல்லாருக்கும் போட்டேன். முந்துன தேதி போட்டா அது ஏத்துக்கிடாதுன்னு மொத நாளே தெரிஞ்சுபோச்சு. ஒங்க சித்தி மட்டும் தாமாப் போட்டுட்டாவ."

ஊரில் எல்லாரும் புழுதியில்தான் விதைத்தார்கள். எல்லாரும் ஒரே பொய்த் தேதியைக் கொடுத்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் உண்மையான தகவல் அளித்தமைக்கு நன்றி. நான் கற்றுக்கொடுத்த ஒருத்தி மட்டும் பொய்க்காரி.

அடுத்த இரண்டு மாதம் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. பழைய நிரலைத் திறந்து பார்க்கப் போனேன். அனுமதி இல்லை என்றது. இருக்காதுதான். திட்டத்திலிருந்து விலகியவர்களின் அனுமதியை அன்றே எடுத்துவிட வேண்டும் என்று படிவம் தயாரித்தவனே நான்தான். பழைய சகா ஒருவருக்கு எழுதினேன். அவர் புதுக் கம்பெனியின் உதவி எண்ணைக் கொடுத்தார். அதில் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று போய், கடைசியில் ஒரு பெண் குரல் மரியாதையாக என் புகாரை வாங்கிப் பதிந்துகொண்டது. ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது: எதிர்பார்த்தபடிதான் இயங்குகிறது, புகார் முடிக்கப்பட்டது. அந்தச் சொற்றொடரை எழுதி நான் எத்தனை புகார்களை முடித்திருப்பேன் என்று கணக்கில்லை. அந்தப் புகார்களின் மறுபக்கம் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப்போலத்தான் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

விடாமல் எழுதினேன். கடைசியில் ஒரு மேலாளர் பேசினார். பொறுமையாகக் கேட்டார். புழுதி விதைப்பைப் பற்றிச் சொன்னதும், அப்படியா, சுவாரஸ்யமாக இருக்கிறதே என்றார். விதியை மாற்றுவது பற்றி அடுத்த ஆண்டுத் திட்டத்தில் பரிசீலிக்கலாம் என்றார். சரி, இந்த ஒரு பதிவில் அந்த வார்த்தையையாவது எடுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். கேலியாகச் சிரிக்கவில்லை. அது பூட்டிய சேமிப்பு சார், ஏழு வருஷத்துக்கு யாராலும் தொட முடியாது, நாங்களே நினைத்தாலும் முடியாது, உங்கள் குழு அப்படித்தானே கட்டிக் கொடுத்தது என்றார்.

ஆமாம், அப்படித்தான் கட்டினோம். அதற்காகச் சண்டை போட்டவனும் நான்தான். பெரிய ஆள் ஒருவர் ஒரு போன் போட்டால் ஆவணத்தில் பேர் மாறிவிடுகிற ஊரிலிருந்து வருகிறேன், எனக்குத் தெரியும், எழுதினதை எவனும் அழிக்க முடியாதபடி வைக்க வேண்டும் என்று மீட்டிங்கில் பேசினேன். கைதட்டினார்கள். அன்றைக்கு எனக்கு ஊர் ஞாபகம் இருந்திருக்கிறது.

இதற்கிடையில் சித்தி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"நிவாரணம் வராட்டிப் போகுது. அந்த எழுத்த மட்டும் எடுக்கச் சொல்லு."

மனு எழுதச் சொன்னார். நான் தமிழில் நன்றாக எழுதுவேன் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. என் வாக்கியத்துக்கு எதிராக நானே ஒரு மனுவை எழுதி, சித்தியின் கையெழுத்தை வாங்கி, மையத்தில் கொடுத்தேன். அந்தப் பெண் வாங்கி முத்திரை குத்தினார். இதை உள்ளே ஏற்ற ஸ்கிரீனில் இடம் இல்லையே அண்ணாச்சி என்று வருத்தப்பட்டார். எனக்கும் அது தெரியும். இடம் வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் வைக்கவில்லை.

கதவில் ஒட்டியிருந்த தாள் வெயிலில் வெளுத்துப்போய்ச் சித்திரையில் கிழிந்து விழுந்தது. ஆனால் வைகாசியில் ஒரு சம்பவம். பக்கத்துக் காட்டுப் பருத்தியில் ஆடு விழுந்துவிட்டது. வழக்கம்போலச் சித்தியைக் கூப்பிட்டார்கள். சித்தி பார்த்துவிட்டுப் பதினோரு ஆட்டின் கால் தடம் இருக்கிறது என்றார். ஆட்டுக்காரர் மூன்று ஆடுதான் என்றார். பிறகு, சண்டைக் குரலில்கூட இல்லை, சாதாரணமாகத்தான், கதவில் ஒட்டியிருந்ததை நானும் பார்த்தேன் அக்கா என்று சொல்லியிருக்கிறார். சித்தி வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு கூப்பிட்டவர்களுக்கெல்லாம் கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டார். இதை எனக்குச் சொன்னது மாமா. இரண்டு பொங்கலுக்குப் பேசாமல் இருந்த அதே மாமா.

நான் அதைக் கேட்டுவிட்டு மாடிக்கு வந்து மேஜையில் உட்கார்ந்தேன். அன்றைக்கும் எனக்கு விதி எழுதுகிற வேலைதான் இருந்தது. எங்கோ யாரோ ஒருவர் கொடுக்கிற முகவரி செல்லுமா செல்லாதா என்று ஒரு விதி. கை ஓடவில்லை. இந்த விதியால் எந்த ஊரில் எவருடைய சித்தி கதவில் ஒட்டப்படுவாரோ என்று நினைத்தேன். அதைக் கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை. சாயங்காலத்துக்குள் முடித்துத்தான் கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்வது.

இந்த வருஷம் புரட்டாசி வந்தது. சித்தி காட்டில் டிராக்டர் விதைத்து முடித்த அன்று நான் போயிருந்தேன். காலடியில் புழுதி கணுக்கால் வரை ஏறியது. வெயில் மண்டையைப் பிளந்தது. வரப்பில் இருந்த வேம்பு நிழலில் உட்கார்ந்து இருவரும் தூக்குவாளியில் இருந்த மோரைக் குடித்தோம். அந்த விதி மாறவில்லை என்பதை விசாரித்துவிட்டுத்தான் போயிருந்தேன். இந்தத் தடவை எந்தத் தேதியைப் போட வேண்டும் என்று சித்தி கேட்டார். மழை பெய்யட்டும், பெய்த மறுநாள் தேதியைப் போடலாம் என்றேன். அப்படியானால் இன்றைக்கு நாம் என்ன செய்தோம் என்று கேட்டார். குனிந்து விரலால் மண்ணைக் கிளறி, உள்ளேயிருந்து ஒரு உளுந்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். மருந்து கலந்த விதை, லேசாகச் சிவப்பாக இருந்தது.

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அந்த விதியை எழுதியது நான் என்றேன். அந்தத் தமிழை எழுதியதும் நான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு நானே பல மாதம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பொய்யையும் அங்கே உடைத்துவிட்டேன். விதியை எழுதி முடித்ததும், சரிபார்க்கிற சகா ஒருவர் ஒரு கேள்வி போட்டிருந்தார்: நீ கிராமத்து ஆள்தானே, மழைக்கு முன்னால் யாராவது விதைப்பார்களா? ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் பதில் எழுதினேன். அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை என்றுதான் என்னை நம்பவைத்திருந்தேன். வந்தது. சின்ன வயதில் இதே காட்டில் விதைப்பு நாளில் சோறு கொண்டுவந்தது, வெறுங்காலில் புழுதி சுட்டது எல்லாம் ஒரு நொடி வந்துவிட்டுத்தான் போனது. ஆமாம் என்று எழுதினால் இன்னொரு மீட்டிங் வைப்பார்கள், சொன்னபடி வெள்ளிக்கிழமை ஆப் வெளியாகாது. அதனால் இல்லை என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

சித்தி என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் அந்த உளுந்தைத் திரும்ப அதே இடத்தில் வைத்து, மேலே மண்ணைத் தள்ளி மூடினார்.

"நீ இந்தப் புழுதில நடந்தவன்தானலே" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பிறகு தூக்குவாளியைக் கழுவப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. முப்பத்தெட்டு வயது ஆள் வரப்பில் உட்கார்ந்து அழுதால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

மழை பதினெட்டு நாள் கழித்து வந்தது. நல்ல மழை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது காட்டுக்குள் இறங்க முடியவில்லை. வரப்பிலிருந்தே பார்த்தோம். கறுப்பு மண்ணில் வரிசை வரிசையாக முளை விட்டிருந்தது. சித்தி போனை என்னிடம் நீட்டினார். பதியவில்லை என்றால் இந்த வருஷமும் ஒன்றும் வராது, பதிந்துவிடு, ஆனால் அந்தத் தேதியை என் கையால் போட மாட்டேன் என்றார். நானே போட்டேன். மழை பெய்த மறுநாள் தேதி. அன்றைக்கு இந்த நிலத்தில் ஒரு மனிதரும் கால் வைத்திருக்க முடியாது. முளைகளைப் படம் எடுத்துச் சேர்த்தேன். அமுக்கினேன்.

ஒரு நொடி சுற்றிவிட்டுத் திரை வந்தது. இந்த வருஷத்துப் பதிவும் போன வருஷத்துப் பதிவும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. மேலே பச்சை எழுத்தில், உண்மையான தகவல் அளித்தமைக்கு நன்றி. கீழே சிவப்பில், பொய்த் தகவல் அளித்தவர். அது இன்னும் ஆறு வருஷத்துக்கு அங்கேயே இருக்கும்.

சித்தி போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் படித்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், அதனால் நேரமானது.

"ரெண்டையும் நீதான எழுதுன?"

"ஆமா சித்தி" என்றேன்.